கண்ணால் எண்ணிய கணக்கு

திருப்பூர் ஜில்லாவின் ஆரம்பப் பாடசாலைகளில் முதல் வகுப்புக் குழந்தையின் முன்னே இந்நாளில் விரித்து வைக்கப்படும் பயிற்சி ஏடுகளைப் புரட்டிப் பார்க்கிறவர்கள், ஒரு தோப்பையோ சந்தையையோ குளக்கரையையோ நிறையத் தீட்டிய சித்திரங்களையும், அவற்றினுள் இலைமறைவில் இருக்கும் கிளிகள் எத்தனை, மேயும் ஆடுகள் எத்தனை, நீரில் நீந்தும் மீன்கள் எத்தனை என்று தேடிக் கண்டுபிடித்து எண்ணி எழுதும்படி குழந்தையைக் கேட்கும் அப்பியாசங்களையும் காண்பார்கள். கணக்குப் பாடத்தில் படம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். பனியன் கம்பெனியில் நாள் முழுதும் பீஸ் எண்ணிக் கூலி வாங்கி வருகிற தகப்பனுக்கு, மகன் கிளி எண்ணிக்கொண்டிருப்பது பொழுதுபோக்காகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் இந்த அப்பியாசத்தின் பூர்வ சரித்திரத்தை ஆராய்ந்து பார்த்தால், இது நேற்று முளைத்த விநோதம் அன்று என்பதும், கண்ணால் தேடி எண்ணுகிற பழக்கம் நம் நாட்டில் வெகுகாலமாக வீட்டு முற்றத்திலும் கோயில் மண்டபத்திலும் தொழிற்கூடத்திலும் செழித்து வளர்ந்திருந்தும், பள்ளிக்கூடத்தின் வாசற்படி மட்டும் அதற்கு நெடுநாள் அடைத்தே இருந்ததென்பதும் விளங்கும். அந்தக் கதவு எப்படி மெல்ல மெல்லத் திறந்தது என்பதைக் கொங்கு நாட்டின் இந்தப் பகுதியை முன்னிட்டுச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்னை மாகாண கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், நாட்டிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். இன்றைய திருப்பூரும் அவிநாசியும் பல்லடமும் தாராபுரமும் காங்கயமும் அக்காலத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தவை. உதகமண்டலத்தை உருவாக்கியவரென்று பிற்காலத்தில் பெயர்பெற்ற ஜான் ஸல்லிவன்தான் அந்த ஜில்லாவின் கலெக்டர். அந்த ஆண்டின் இறுதியில் அவர் அனுப்பிய ஜாபிதாவில் 763 பள்ளிகளும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கரும் காணப்படுகின்றனர். இவற்றுள் மிகப் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிக்கூடங்களே. ஐந்து வயதில் வந்து சேர்ந்த சிறுவன், பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகி, பின்பு ஓலையும் எழுத்தாணியும் பிடித்து, விடியற்காலையிலும் அந்தியிலும் சட்டாம்பிள்ளை முன்னின்று சொல்லச் சொல்லத் தானும் பிள்ளைகளோடு சேர்ந்து உரக்கக் கூவி, எண்சுவடி முழுவதையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று நாணயத்துக்கும் தானியத்துக்கும் தனித்தனியே இருந்த அந்தச் சுவடிகள், முழு எண்களோடு நில்லாமல், கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்று கீழே கீழே இறங்கும் பின்னங்களையும் வாய்ப்பாடாக்கி வைத்திருந்தன. முந்திரி என்பது ஒன்றில் 320-ல் ஒரு பங்கு. கீழ்முந்திரி அந்தப் பங்கிலும் 320-ல் ஒரு பங்கு, அதாவது லட்சத்தில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு.

இத்தனை நுண்மையான கணக்கை ஏட்டையும் எழுத்தாணியையும் நாடாமல் மனத்தாலேயே போட்டுவிடக்கூடிய ஆற்றலை அந்தப் பள்ளிகள் அளித்தன என்பதில் சந்தேகமில்லை; அறுவடைக் களத்தில் நெல் அளப்பவரும், சந்தையில் பருத்தி நிறுப்பவரும், கிராமத்துக் கணக்குப்பிள்ளையும் அதனால் அடைந்த பிரயோஜனத்தை இன்று நாம் எளிதாக மதித்துவிட முடியாது. எனினும் அந்தக் கல்வி முக்கியமாகக் காதையும் நாவையும் நம்பி நடந்தது. எண்களின் வரிசையைச் சிறுவன் அறிந்தான். அந்த எண்களை எதன்மேல் வைப்பது என்பதைப் பள்ளியை விட்டு வெளியே போய், வயலிலும் கடையிலும் உழைத்துக் கற்றான். எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் மேற்பார்வையாளராக 1789-இல் அமர்ந்த ஆண்ட்ரூ பெல் என்பவர், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், மூத்த மாணாக்கன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் கண்டு வியந்து, அந்த முறையைத் தம் விடுதியில் கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட, அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிலெல்லாம் பரவியது. மணலும் சட்டாம்பிள்ளையும் கடல் கடந்து போனது நமக்குப் பெருமைதான்.

சுவடிகளுக்குள்ளேயே கண்ணின் கணக்குக்கு இடம் கொடுத்த நூல் ஒன்று உண்டு. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில், பலாப்பழத்தை அறுக்காமலே அதனுள் இருக்கும் சுளைகளை அறிய ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது: காம்பைச் சுற்றிலும் உள்ள சிறு முட்களை எண்ணி, அந்தத் தொகையை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அந்த வழி. காம்பருகே ஐம்பது முள் இருந்தால் சுளை அறுபது என்றாகும். ஒவ்வொரு பழத்துக்கும் இது தவறாமல் பொருந்துமா என்பது வேறு விசாரணை. நம் விஷயத்துக்கு முக்கியமாவது, அந்தக் கணக்கைப் போடுகிறவன் முதலில் செய்யவேண்டிய காரியம்: நெருங்கிக் கிடக்கும் முட்களுள் காம்பைச் சூழ்ந்தவை எவை, அதற்கு அப்பாற்பட்டவை எவை என்று கண்ணால் பிரித்து, எங்கே தொடங்கினோம் என்பதை மறவாமல் சுற்றி வந்து எண்ண வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் அதன் பிறகுதான். முதல் வகுப்புக் குழந்தை தோப்புச் சித்திரத்தில் செய்வதும் இந்தக் காரியமே.

ஸல்லிவனுடைய ஜாபிதாவில் பெண் குழந்தைகள் மிகச் சிலரே. பள்ளிக்குப் போகாத அந்தப் பெண்கள் எண்ணத் தெரியாதவர்களாக இருந்தார்களா என்றால், இல்லை என்பதற்கு விடியற்காலையில் சாணம் தெளித்த வாசல்களே சாட்சி. பதினைந்து புள்ளியில் தொடங்கி ஒன்றில் முடிக்க வேண்டிய கோலத்துக்கு எத்தனை வரிசை, எந்த வரிசையில் எத்தனை புள்ளி, ஊடுபுள்ளி வைப்பதானால் எங்கே என்பதையெல்லாம் தாயின் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தே ஒரு சிறுமி தெரிந்துகொண்டாள். ஒரு புள்ளி குறைந்தாலும் இழை வந்து சேராது, தவறு எங்கே என்று அவளே தேடிக் காண வேண்டும். மத்தியானத்தில் பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்துக்கொண்டால் இன்னொரு பாடம் நடந்தது. இருபுறமும் ஏழேழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்தோ ஆறோ புளியங்கொட்டை. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போகையில் எந்தக் குழியிலாவது நான்கு சேர்ந்துவிட்டால் அதற்குப் பசு என்று பெயர். குழிக்குரியவள் உடனே அள்ளிக்கொள்ள வேண்டும். நன்றாக ஆடத் தெரிந்தவள் அந்த நான்கை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை; பார்த்தமாத்திரத்தில் அள்ளிவிடுவாள்.

இந்த நான்கு என்ற எல்லையை ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1871-இல் ஒரு பரீட்சையால் காட்டினார். கறுப்பு அவரைக் கொட்டைகளைக் கைக்கு வந்தபடி அள்ளி ஒரு சிறு பெட்டியை நோக்கி வீசி, அதற்குள் விழுந்தவை எத்தனை என்று எண்ணாமல் ஒரே பார்வையில் சொல்லிப் பிறகு சரிபார்த்துக்கொண்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட தடவை இப்படிச் செய்து அவர் கண்டது, மூன்றும் நான்கும் விழுந்தபோது தம் கண் ஒருமுறையும் தவறவில்லை என்பதும், ஐந்திலிருந்து பிழை தொடங்கிவிட்டது என்பதும் ஆகும். கண்ணுக்கு ஒரே வீச்சில் அகப்படும் தொகை எதுவோ, அதையே நம் பெண்கள் ஆட்டத்தின் விதியாக வைத்திருந்தார்கள். இந்தப் பொருத்தத்தை நினைக்கும்தோறும் அந்தப் பலகையின்மேல் எனக்கு மரியாதை பெருகுகிறது.

மறைந்த உருவங்களைப் படத்துக்குள் தேடும் விநோதமும் நமக்குப் புதிதன்று. தாராசுரத்துக் கோயிலில், பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சோழச் சிற்பி, ஒரே தலையில் எருதையும் யானையையும் அமைத்து, ஒருபுறத்து உடலை மறைத்துப் பார்த்தால் ஒன்றும் மறுபுறத்தை மறைத்தால் மற்றொன்றுமாகத் தோன்றச் செய்திருக்கிறான். அதனினும் நம் விஷயத்துக்கு நெருங்கியது நவநாரி குஞ்சரம். தூரத்தில் நின்று பார்ப்பவனுக்கு அது யானை. அருகில் வந்தால் துதிக்கையும் காலும் முதுகும் வாலும் ஒன்பது பெண்களின் உடல்கள் பின்னியமைந்தவை. பஞ்சநாரி துரகத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குதிரையாவார்கள். கோயில் தூண்களிலும் சித்திரங்களிலும் இவற்றைக் காணும்போது, பெயரிலேயே விடை கூறப்பட்டிருந்தும், ஒன்பது பேரையும் கண்டுபிடித்து முடிக்காமல் அந்த இடத்தைவிட்டு நகர எந்தக் குழந்தையும் சம்மதிப்பதில்லை. ஏழெட்டுப் பெண்கள் எளிதில் அகப்பட்டுவிடுவார்கள். ஒன்பதாமவள்தான் கண்ணைச் சோதிப்பவள். ஒரு பெண்ணின் தலை எங்கே முடிகிறது, அடுத்தவளின் தோள் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியாமல் தொகை சொல்ல முடியாது. படத்தில் தேடி எண்ணும் புதிர் என்று இன்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பூரணமான உதாரணம் வேறு வேண்டுவதில்லை.

ஐரோப்பாவில் சித்திரம் பள்ளிக்குள் நுழைந்தது முன்னதாக நிகழ்ந்தது. கொமேனியஸ் என்ற மொராவியப் பாதிரியார் 1658-இல் நூரெம்பெர்க் நகரத்தில் வெளியிட்ட பாடநூலில் நூற்றைம்பது சித்திரங்கள் இருந்தன. தறியும் நெசவும் தச்சனும் குயவனுமாக உலகத்தின் தொழில்களெல்லாம் வரையப்பட்டு, படத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இலக்கம் இடப்பட்டிருந்தது. கீழேயுள்ள வாக்கியத்தில் அந்த இலக்கத்தைக் கண்ட சிறுவன், மேலே படத்தில் அதைத் தேடிச் சென்று பொருளை அறிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்தில், 1840-இல் நாகர்கோயிலில் தோன்றிய பாலதீபிகை முதலாக, கிறிஸ்தவச் சங்கங்களின் பத்திரிகைகளும் வாசக புஸ்தகங்களுமே சிறுவருக்கென்று அச்சேறியவற்றுள் முற்பட்டவை. ஆயினும் படம் என்பது அக்காலப் பாடப் புத்தகத்தில் வாசகத்தை அலங்கரிப்பதற்கு மேல் வேறொன்றும் செய்யவில்லை. கணக்குக்கோ அந்த அலங்காரமும் கிடைக்கவில்லை. பரீட்சையின் பலனைப் பார்த்து மானியம் கொடுக்கும் முறையைச் சர்க்கார் ஏற்படுத்தியபின், திண்ணைப் பள்ளி உபாத்தியாயர்களின் ஜீவனமே இன்ஸ்பெக்டர் கேட்கும் நாலு கணக்குக்குப் பிள்ளைகள் விடை சொல்வதைப் பொறுத்ததாகிவிட்டது. அப்படிப்பட்ட நிலையில் குழந்தையைப் படம் பார்க்கச் சொல்லிக் காத்திருக்க அவர்களுக்கு அவகாசம் ஏது?

இந்த நிலையில் ஒரு மாறுதல் வந்தது. அதற்குத் திருப்பூரோடு நெருங்கிய சம்பந்தம் உண்டு. 1925-இல் மகாத்மா காந்தி நிறுவிய அகில இந்திய சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் திருப்பூரே தலைமை ஸ்தானமாயிருந்தது. சுற்றுப்புறத்துக் கிராமங்களில் நூற்ற நூல் இங்கே வந்து சேர்ந்து, கதராகி, மாகாணமெங்கும் சென்றது. கொடி காத்த குமரன் 1932 ஜனவரியில் உயிர்போகும்படி அடிபட்டு வீழ்ந்ததும் இந்த ஊர் வீதியில்தான். கதரையும் கல்வியையும் ஒன்றாகப் பிணைக்கும் யோசனை 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மகாநாட்டில் உருவாயிற்று. டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் அமைந்த குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தக்ளி சுற்றும் குழந்தை அந்த நூலிலேயே கணக்குக் கற்க வேண்டும் என்பது அதன் சாரம். நூலைச் சுற்றியெடுக்கும் சட்டத்தில் ஒரு சுற்று நாலடி. 160 சுற்றுச் சேர்ந்தால் கால் சிட்டம். 640 சுற்று ஒரு சிட்டம். நாலடியை 640-ஆல் பெருக்கினால் 2,560 அடி, அதாவது 853 கெஜமும் ஓரடியும். மில் நூலுக்குச் சிட்டம் 840 கெஜம். ஒரு ராத்தலில் அப்படி எத்தனை சிட்டம் அடங்குகிறதோ அதுவே நூலின் நம்பர். இருபதாம் நம்பர் என்றும் நாற்பதாம் நம்பர் என்றும் இன்றைக்கும் திருப்பூர்க் கடைகளில் வழங்கும் சொற்களுக்குப் பின்னால் நிற்பது இந்தக் கணக்குத்தான். குழந்தை எண்ணியது தான் நூற்ற நூலை. எண்ணிக்கை தவறினால் சிட்டம் குறையும், குறைந்தது கண்ணுக்குத் தெரியும்.

இந்த ஆதாரக் கல்வியைத் தமிழ்நாட்டில் சிரத்தையோடு வளர்த்தவர்களுள் முதன்மையானவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1903-இல் திருப்பூரில் பிறந்து, 1930-இல் ராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கி, 1946 முதல் மூன்றாண்டு சென்னை மாகாணக் கல்வி மந்திரியாயிருந்தவர் அவர். அந்த வித்தியாலயத்தில் தலைமையாசிரியராயிருந்த பெரியசாமித் தூரனும் கொங்கு நாட்டவரே. அவினாசிலிங்கம் தலைமை தாங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், தூரனை ஆசிரியராகக் கொண்டு, பெரியவர்களுக்கான கலைக்களஞ்சியத்தை முடித்த கையோடு, குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் 1968 முதல் 1976 வரையில் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. படங்கள் நிறைந்த அந்தத் தொகுதிகளைப் பள்ளி நூலகத்தில் ஒருவர் தோளின்மேல் ஒருவர் சாய்ந்து பார்த்த ஒரு தலைமுறை, சித்திரம் என்பது வாசகத்துக்கு அலங்காரம் மட்டுமன்று, அதுவே கூர்ந்து படிக்கவேண்டிய பொருள் என்பதை அறிந்துகொண்டது. இவ்விருவரும் செய்த பணியைக் கணிதம் கற்பிக்கும் சரித்திரத்தில் யாரும் சேர்த்துப் பேசுவதில்லை. சேர்க்கவேண்டும் என்பது என் துணிபு.

இதற்கிடையில் 1957 ஏப்ரல் முதல் தேதியன்று ரூபாய் நூறு நயா பைசாவாயிற்று. பதினாறு அணா கொண்ட ரூபாயில் வீசம் என்றால் ஓரணா, அரைக்கால் என்றால் இரண்டணா என்று எண்சுவடிக்கும் கடைத்தெருவுக்கும் இருந்த உறவு அன்று அறுந்தது. மெட்ரிக் எடையும் அளவும் பின்தொடர்ந்து வந்தபோது, மாவும் காணியும் முந்திரியும் பாட்டன்மாரின் நினைவில் மட்டும் தங்கின. பழைய மனப்பாடத்தின் உபயோகம் போய்விட்டது. அதன் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி பாக்கி நின்றது.

அந்தக் கேள்விக்குப் பள்ளிக்கூடம் விடை தேடிக்கொண்டிருக்கையில், திருப்பூரில் கம்பெனிகள் பெருகின. உள்நாட்டுச் சந்தைக்குப் பனியனும் ஜட்டியும் தைத்துவந்த ஊர், 1970-களின் பிற்பகுதியிலிருந்து வெளிநாட்டுக்கும் தைக்கத் தொடங்கி, இருபது வருஷத்துக்குள் உலகம் அறிந்த நகரமாயிற்று. இங்கே எல்லாமே எண்ணிக்கை. கட்டிங் மேஜையில் அடுக்கிய துணியின் மடிப்புகளை எண்ண வேண்டும். வெட்டிய பாகங்களைக் கட்டுக்கட்டாகப் பிரித்து எண்ண வேண்டும். டெய்லருக்குக் கூலி பீஸ் ரேட். பெட்டியில் போவது டஜன் கணக்கு. செக்கிங் மேஜையில் நிற்கும் பெண், கைக்கு வரும் ஒவ்வோர் ஆடையையும் விரித்து, ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே, தையல் விட்ட இடம் எங்கே என்று சில நொடிக்குள் தேடிப் பார்த்து, நல்லதை ஒருபுறமும் டேமேஜை மறுபுறமும் போட்டு, மாலையில் இரண்டையும் எண்ணிச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வேண்டிய கண்ணை அவளுக்கு எந்தப் பாடசாலையும் பழக்கிவிடவில்லை. அந்தப் பெருக்கத்தின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடுவது தர்மமாகாது. டெய்லரின் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து மடித்து வைக்கும் கைமடி வேலைக்கு, படிப்பை நிறுத்திவிட்டுச் சிறுவரும் சிறுமியரும் திரளாகப் போனார்கள். பத்து வயதில் டஜன் கட்டத் தெரிந்த அந்தப் பிள்ளைகளுக்குப் புத்தகத்துக் கணக்கு அந்நியமாயிருந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் அவர்களை மீட்டு உட்கார வைத்தபோது, உபாத்தியாயர்கள் சந்தித்த முதற் பிரச்சினை, கையால் எண்ணத் தெரிந்த குழந்தைக்கு ஏட்டில் எண்ணக் கற்பிப்பது எப்படி என்பதே.

அரசாங்கப் பள்ளிகளில் படமும் பொருளும் பரவலாகப் புகுந்தது 1987-இல் தொடங்கிய கரும்பலகைத் திட்டத்தின்போது. வகுப்பறையும் இரண்டாவது ஆசிரியரும் கொடுத்ததோடு, சுவர்ப் படங்களும் கணிதப் பெட்டியும் பள்ளிகளுக்கு வந்தன. பூட்டிய அலமாரியில் பத்திரமாகவும் இருந்தன என்பதைச் சொல்ல வருத்தமாயிருக்கிறது. பெட்டியைத் திறக்கச் செய்தது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்து ரிஷிவாலிப் பள்ளியின் கிராமக் கல்வி முறையை முன்மாதிரியாகக் கொண்டு, எம். பி. விஜயகுமார் என்ற ஆட்சிப் பணியாளர் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் அதைத் தொடங்கினார். 2007-இல் மாநிலமெங்கும் பரவியது. குழந்தைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, சுவரில் தாழ வைத்த கரும்பலகையில் எழுதி, ஏணிப்படி என்ற அட்டவணையில் தம் படி எது என்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தாமே எடுத்து வேலை செய்ய வேண்டும். படிக்கத் தெரியாத குழந்தை அட்டையை எப்படிக் கண்டுபிடிக்கும் என்பதற்கு அட்டைக்கு அட்டை ஒரு சின்னம் வரையப்பட்டிருந்தது. பாடம் தொடங்குமுன்பே தேடல் தொடங்கிவிட்டது. பள்ளிகள் அந்த முறையை விட்டுக் கொஞ்ச காலம் விலகியிருக்க, கொரோனாக் காலத்தின் நீண்ட விடுமுறைக்குப்பின், 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலையை மூன்றாகப் பிரித்து ஏடுகள் அச்சிடப்பட்டன. தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட சித்திரங்கள் இப்படித்தான் ஒவ்வொரு குழந்தையின் மடியிலும் வந்து அமர்ந்தன.

இந்த அப்பியாசம் குழந்தையிடம் என்ன செய்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐந்து மாம்பழத்தை வரிசையாக வரைந்து எண்ணச் சொன்னால், குழந்தை விரலை இடமிருந்து வலமாக நகர்த்திப் பாட்டைப் பாடிவிடும். பாட்டு முடிந்த இடம் விடையாகிவிடும். சித்திரத்துக்குள் சிதறிக் கிடக்கும் மாம்பழத்தை எண்ணுவதோ வேறு காரியம். முதலில் மாம்பழம் எது, கொய்யா எது என்று நிச்சயிக்க வேண்டும். பாதி இலையால் மறைந்ததை ஒன்றாகக் கொள்வதா என்று தீர்மானிக்க வேண்டும். எண்ணியதையே மறுபடி எண்ணாமலும் ஒன்றையும் விடாமலும் தனக்கென்று ஒரு வழி வகுத்துக்கொள்ள வேண்டும். எந்த மூலையிலிருந்து தொடங்கினாலும் தொகை மாறாது என்பதையும் அனுபவத்தால் அறிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் எண் என்பதும், கடைசியாகச் சொன்ன எண்ணே தொகை என்பதும், தொடங்கும் இடம் தொகையைப் பாதிக்காது என்பதும் எண்ணுதலின் அடிப்படைகள் என ராஷெல் கெல்மனும் ராண்டி காலிஸ்டலும் 1978-இல் எழுதிய நூல் விவரிக்கிறது. வரிசைப் படம் இவற்றைக் குழந்தைக்காகத் தானே செய்து முடித்துவிடுகிறது; தேடற்படம் குழந்தையைச் செய்யவைக்கிறது.

ஆனால் சித்திரம் எழுதுகிறவருக்கும் சிரத்தை வேண்டும். ஜப்பானிய ஓவியர் மிட்சுமாசா அன்னோ 1975-இல் வெளியிட்ட எண்ணுப் புத்தகத்தில், முதற்பக்கம் வெறும் பனிவெளி; அது பூஜ்யம். அடுத்த பக்கத்தில் ஒரு வீடு, ஒரு மரம். பக்கம் திரும்பத் திரும்ப மாதமும் மாறி, வீடும் மரமும் மனிதரும் ஒவ்வொன்றாகப் பெருகிப் பன்னிரண்டில் கிராமம் நிறைந்துவிடுகிறது. ஒரு சொல்லும் இல்லாத அந்தப் புத்தகத்தில் எதை எண்ணினாலும் அந்தப் பக்கத்துக்குரிய தொகையே வரும். 1987-இல் மார்ட்டின் ஹேண்ட்ஃபோர்ட் வரைந்த வாலியின் படங்களோ ஜனசமுத்திரத்தில் ஒருவனைத் தேடச் சொல்வன. அவை கண்ணுக்கு நல்ல பயிற்சி, எண்ணத் தொடங்கும் குழந்தைக்கு மிகை. ஐந்து வயதுக் குழந்தைக்கு ஒரு படத்தில் மூன்று வகைப் பொருள், வகைக்குப் பத்துக்கு உட்பட்ட தொகை என்ற அளவே போதும் என்பது என் அபிப்பிராயம். நான்கு வரையிலான ஒரு வகையையும் அவற்றுள் வைத்தால், பல்லாங்குழிப் பசுவைப்போல் பார்த்ததும் சொல்லும் மகிழ்ச்சியும் குழந்தைக்குக் கிட்டும்.

திருப்பூர் ஜில்லாவின் பள்ளிகளில் இதற்கு இன்னொரு முக்கியத்துவம் இப்போது ஏற்பட்டிருக்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலை தேடி வந்த குடும்பங்களின் குழந்தைகள், தமிழ் ஒரு சொல்லும் அறியாமல் முதல் வகுப்பில் வந்து அமர்கிறார்கள். வாய்ப்பாட்டை ஒப்புவிக்கச் சொன்னால் அந்தக் குழந்தை வாயடைத்து நிற்கும். வாக்கியக் கணக்கு அதற்குச் சுவர். படத்தைக் காட்டி, ஓர் ஆட்டின்மேல் விரலை வைத்து, மற்றவற்றையும் தேடச் சொல்லிச் சைகை காட்டினால் உடனே புரிந்துகொள்கிறது. தன் பாஷையில் எண்ணி ஏழு விரலைக் காட்டுகிறது. பக்கத்திலிருக்கும் பிள்ளை ஏழு என்று சொல்ல, அந்தச் சொல்லும் அதற்கு வந்துவிடுகிறது. எண்சுவடியால் செய்யமுடியாத உபகாரம் இது.

ஏடுகளில் அச்சாகி வரும் படங்கள் மாநிலம் முழுவதற்கும் பொதுவானவை, அதனால் குற்றமில்லை. ஆனால் இந்த ஊருக்கென்று தனிப் படங்கள் வேண்டும்: நூல் கோன் ஏற்றிய வண்டியும், காங்கயம் காளை கட்டிய தொழுவமும், பல்லடத்து விசைத்தறிக் கூடமும், உடுமலைப் பக்கத்துக் காற்றாடிகளும், பண்டல் சுமந்து செல்லும் மனிதரும் நிறைந்த வீதியும் வரையப்பட்டு, குழந்தை தன் தாய் தகப்பன் நடமாடும் உலகத்தையே தேடி எண்ண வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஏற்றுமதிக்குத் துணி அடுக்கும் அட்டைப் பெட்டிகள் கிழிந்தால் கம்பெனிகளே தூக்கிப் போடுகின்றன. அவற்றின் உட்புறத்தில் வரையத் தெரிந்த ஓர் ஆசிரியரோ ஐந்தாம் வகுப்பு மாணாக்கரோ மாதம் ஒரு படம் தீட்டிச் சுவரில் குழந்தையின் உயரத்துக்குத் தாழ மாட்டலாம். விடையை மட்டும் அடியில் எழுதிவைக்கக் கூடாது. ஒரு குழந்தை எட்டு என்றும் மற்றொன்று ஒன்பது என்றும் சொல்லும்போது ஆசிரியர் உடனே தீர்ப்புக் கூறாமல் இருந்தால், இரண்டும் படத்தருகே சென்று, விட்டுப்போனது எது அல்லது இருமுறை எண்ணப்பட்டது எது என்று ஒன்றுக்கொன்று தொட்டுக் காட்டும். அந்த விவாதத்துக்கு வகுப்பில் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும்.